ஜல்லிக்கு அடியில்

தண்ணீர் இந்நேரம் படுக்கிற அறையைத் தாண்டியிருக்கும். மூலையில் திரும்பி, அடுப்படிப் பக்கமாக மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அவசரப்படாது. அவர் அப்படித்தான் சரிவு வைத்திருந்தார்.

பவுனு இதை யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தி அவள் கணவன் ராக்கையாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்த குடங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. சீயக்காய் நுரையோடு வழிந்த தண்ணீர், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குப் போட்டிருந்த ஜல்லியைத் தொட்டதும் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"இம்புட்டுக் குடம் ஊத்தியும் வாசல் சேறாகலயே," என்றாள் அய்யம்மாள். ஏலத்தோட்டத்துக்கு ராக்கையாவின் ஜீப்பில் தினமும் போய்வந்தவள். "நேத்து மலை மெட்டுல இறங்கும்போது வண்டிய ஓரங்கட்டுனாக. ஹேண்ட்பிரேக் போட்டுட்டு, 'ஒரு கல்லெடுத்து டயருக்கு வைங்கடி'ன்னாக. எதுக்குன்னு கேட்டேன். 'கேள்வி கேக்காம வையிடி மூதேவி'ன்னாக. வச்சிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஸ்டீரிங்குல சாஞ்சு கெடக்காக. கடைசியா என்னையத்தான் ஆத்தா திட்டியிருக்காக."

அவள் அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சுருளிப்பட்டியில் இந்த வீட்டுக்கு மலையைப் பார்த்த வாசல். ஐப்பசி பிறந்துவிட்டால், சரிவில் பெய்கிற மழை மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து அஸ்திவாரத்தில் நிற்கும். சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுக்கும். அரிசிப்பானைக்கு அடியில் தரை வியர்க்கும். மகள் தேவயானிக்கு மூன்று வயதில் இளைப்பு வந்தது. இருட்டில் படுத்திருக்கும்போது அந்தச் சின்ன நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டே தொலைவில் போவதுபோல இருக்கும். பவுனு அதைக் கேட்டபடியே தூங்கிப் போவாள். கனவிலும் அது வரும்.

"தோட்டத்து பங்களாவச் சுத்தி ஒரு தோது பண்ணியிருக்காக பவுனு. தண்ணி உள்ள வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு வெளிய அனுப்பிருது," என்று ஒருநாள் ராக்கையா வந்து சொன்னார். மறுநாளே கடப்பாரையை எடுத்தார். சுவரைச் சுற்றிக் குழி. குழிக்குள் ஓட்டை போட்ட பைப்பு. அதற்கு மேல் ஜல்லி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னடே ராக்கையா, வீட்டுக்கு அருணாக்கொடி கட்டுறியா?" என்றார்கள்.

முதல் மழையிலேயே பைப்புக்குள் சேறு ஏறி அடைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் அத்தனையையும் தோண்டி வெளியே போட்டார். ஜல்லியைச் சுற்றித் துணி போட வேண்டுமாம். தண்ணீர் போகும், மண் போகாது.

"நைலக்ஸ் சேலை மக்காதுல்ல?" என்று கேட்டார்.

"அப்ப நான் என்னத்தக் கட்டுவேன்?"

"உனக்கு வேற எடுப்போம். இத வீடு கட்டிக்கிரட்டும்."

பெட்டியைத் திறந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். பச்சையில் வெள்ளைப் பூப் போட்டது. ஊதா. தேவயானி வயிற்றில் இருந்தபோது கட்டிய மஞ்சள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கொடியில் காயப்போடுகிறவர்களைப்போல உதறி, குழிக்குள் தொட்டில் மாதிரி இறக்கினார்கள். அவர் பைப்பை வைத்து ஜல்லியைக் கொட்டினார். கடைசியில் முந்தானையை இழுத்து மேலே மூடினார், தூங்குகிற பிள்ளைக்கு மூடுவதுபோல.

இப்போது பச்சையைக் கடந்திருக்கும். அவர் உடம்பைத் தொட்டுவிட்டு வந்த தண்ணீர் ஊதாவுக்குள் வடிந்துகொண்டிருக்கும். பவுனு கண்ணை மூடிக்கொண்டாள். அதன் கூடவே நடந்தாள். மஞ்சள் சேலை அடுப்படிக்குப் பின்னால், கடைசியில் இருந்தது.

"மதினி."

கண்ணைத் திறந்தாள். கொழுந்தன் சங்கிலி பக்கத்தில் வந்து குத்தவைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் இருந்தது அவன் வீடு. பைப்பின் வாய் அங்கேதான் திறந்தது. தண்ணீர் அவன் வாசலை ஒட்டி ஓடி ஓடையில் விழும். 'உங்க வீட்டு ஈரத்த எங்க வாசல்ல கொண்டாந்து விடுறீக' என்று அவன் மனைவி ராஜாத்தி ஒவ்வொரு மழைக்கும் சொல்வாள். ராக்கையா இருந்தவரைக்கும் அந்தப் பேச்சு பேச்சாகவே நின்றது.

"தப்பா எடுத்துக்கிராதீக மதினி. அண்ணனக் குளிப்பாட்டுன தண்ணி எங்க வாசலத் தொட்டுட்டுப் போகுது. தையில பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். இன்னைக்கு ஒருநாளைக்கு மட்டும் பைப்ப அடைச்சுக்கிருவோம்."

அவன் கண்களும் அழுது சிவந்துதான் இருந்தன. ஒருநாள் என்றுதான் கேட்கிறான். அடைத்ததை நாளைக்கு யார் போய் எடுப்பார்கள்? மலைக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. வாய் அடைபட்டால் தண்ணீர் வந்த வழியே திரும்பி நடக்கும். மஞ்சள், ஊதா, பச்சை. பிறகு சுவர். பிறகு தேவயானி.

"மொதல்ல உங்க அண்ணனத் தூக்குங்க தம்பி," என்றாள்.

தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போய்த் திரும்பினார்கள். தூறல் விழுந்தது. வீட்டுக்குள் வந்தவர்கள் சோர்ந்து, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார்கள். பவுனு அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் இந்தச் சுவரில் யாரும் சாய்ந்ததில்லை. சாய்ந்தால் ரவிக்கை நனையும்.

வரிசையின் கடைசியில் தேவயானி இருந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண், பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். பவுனு குனிந்து மகளின் நெஞ்சருகே காதைக் கொண்டுபோனாள். விம்மல் விட்டு விட்டு வந்தது. விசில் இல்லை. இன்னும் சற்று நேரம் அப்படியே குனிந்து கேட்டாள்.

"அக்கா."

ராஜாத்தி பின்வாசலில் நின்றாள். ஒரு கையில் சாக்கு, இன்னொரு கையில் பிசைந்த களிமண் உருண்டை. "அவுக மயானத்துல இருந்து வர்றதுக்குள்ள வச்சிருவோம்க்கா. நான் வச்சா ஊரு என்னைய ஏசும். நீங்க உங்க கையாலயே வச்சிருங்க. கல்யாணப் பொண்ணு உங்களுக்கும் மகதான அக்கா."

பவுனு அவள் பின்னால் இறங்கிப் போனாள். பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் கயிறு தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. ராஜாத்தி இரண்டடி தள்ளியே நின்றாள். பவுனு கிட்டே போய்ப் பார்த்தாள். நுரை இல்லை, நிறம் இல்லை. மலையில் பெய்தது எது, அவர் மேல் ஊற்றியது எது என்று தெரியவில்லை.

"பிடிங்கக்கா," என்று ராஜாத்தி சாக்கை நீட்டினாள்.

பவுனு வாங்கினாள். இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு உதறினாள். தூசி பறந்தது. இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு ராஜாத்தியின் கக்கத்தில் செருகினாள்.

"நல்ல சாக்கு ராஜாத்தி. நனைச்சிராத. நெல்லுக்கு ஆகும்."

மழை வலுத்தது. ராஜாத்தியின் கையில் இருந்த களிமண் கரைந்து, மணிக்கட்டு வழியாக வழியத் தொடங்கியது.