வாசல் கேட்ட வயது

கொரியாவின் நக்தோங் ஆற்றங்கரைப் பார்க் கோல்ஃப் மைதானத்தில் அறுபத்தைந்து முடிந்தவர்களுக்குக் காலை ஆட்டம் இலவசம். முன்பெல்லாம் வாசலில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் வரிசையில் பின்னால் நிற்பவர் கண்ணில் படும். அதைத் தடுக்கத்தான் மென்பொருள் பொறியாளர் மா யோன்-ஜு கைபேசி அடையாளத்தைச் செய்தாள். வாசல் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: அறுபத்தைந்து முடிந்ததா? கைபேசிக்காரர் சம்மதம் என்று அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். பெயரும் தேதியும் கைபேசியை விட்டு வெளியே போகாது.

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆட்டக்காரர் சங்கச் செயலாளர் ஓக் ஜே-மானைத் தவிர.

அவருடைய வருத்தம் பியோ கில்-சுவைப் பற்றியது. கில்-சு சங்கத்தில் சேர்ந்த அன்றே, தான் ஜே-மானைவிட மூத்தவன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆறு வருடமாக அவர்தான் அண்ணன். முதல் அடி அவருடையது, மேசையில் தலைமாட்டு இடமும் அவருடையது. ஆனால் அவருடைய கறுத்த முடியையும் வலியறியாத முழங்காலையும் பார்க்கும்போதெல்லாம் ஜே-மானுக்கு நெஞ்சுக்குள் உறுத்தும்.

போட்டி நாட்களில் வயதுப் பிரிவு வைப்பதற்காக, வாசல் கேட்கும் வயதை மாற்றும் வசதியை சங்கச் செயலாளருக்கு நகராட்சி கொடுத்திருந்தது. ஜே-மானுக்கு எழுபத்தொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வாசலின் கேள்வியை எழுபத்திரண்டு என்று மாற்றினார். கில்-சு நிஜமாகவே மூத்தவர் என்றால் பச்சை எரியட்டுமே.

அன்று வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வெளியே நின்றார்கள். கோலும் பந்துமாக ஜே-மானும் அவர்களோடுதான் நின்றார். எண்பதைத் தாண்டிய திருமதி போங் மட்டும் உள்ளே போய், முழு மைதானத்தையும் தனியாக வைத்துக்கொண்டு நிதானமாக ஆடினார். கில்-சு கைபேசியைக் காட்டினார். சிவப்பு.

"பாத்தீங்களா," என்றார் ஜே-மான் கூட்டத்தைப் பார்த்து. "ஆறு வருஷம் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேன். கில்-சு, இங்க வா நீ."

கில்-சு அசையவில்லை. "நான் 'வேண்டாம்'னு அழுத்தினேன். என் வயசை இந்தக் கம்பிக் கதவுக்கு எதுக்குச் சொல்லணும்?"

வாசல் பழுதாகிவிட்டது என்று யாரோ புகார் சொல்லி, அதற்குள் யோன்-ஜு வந்து சேர்ந்திருந்தாள். ஜே-மான் செய்ததை மறைக்கவில்லை. ஒரே ஒரு உதவிதான் கேட்டார்.

"ஏம்மா, இவன் வேண்டாம்னு அழுத்தினானா, இல்ல வயசு பத்தலையா? அதை மட்டும் சொல்லு."

"ரெண்டுக்கும் ஒரே சிவப்புதாங்கய்யா. வாசலுக்குத் தெரியாது."

"செஞ்சது நீதானே? உனக்குமா தெரியாது?"

"எனக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன்."

இத்தனை படித்த பெண் தெரியாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறாளே என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார் ஜே-மான்.

யோன்-ஜுவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கேள்வியை ஒவ்வொரு வயதாக நகர்த்தினால் யாருடைய பிறந்த வருடத்தையும் துருவி எடுத்துவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் போட்டுத் தேடும் ஓட்டையை இந்த மனிதர் வயிற்றெரிச்சலிலேயே கண்டுபிடித்திருந்தார். அங்கேயே நகராட்சியிடம் பேசிக் கேள்வியை அறுபத்தைந்துக்கே திருப்பினாள். இனி நகராட்சி ஒப்புதல் இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாதபடி பூட்டினாள்.

வெயில் ஏறிவிட்டதால் கூட்டம் பன்றிக்கறி சூப் கடைக்குப் போனது. யோன்-ஜுவையும் விடவில்லை. கில்-சு தலைமாட்டில் உட்காராமல் ஓரமாக உட்கார்ந்தார். பாதிச் சோறு சாப்பிட்டபின், யாரும் கேட்காமலே பேசினார்.

"நான் சம்மதம்னுதான் அழுத்தினேன். காகிதத்துல நான் இவனைவிட ரெண்டு வயசு சின்னவன். எனக்கு முன்னாடி ரெண்டு குழந்தை தங்கலை. நான் தங்குவேனான்னு பாத்துட்டு, மூணு வருஷம் கழிச்சுத்தான் அப்பா என் பொறப்பைப் பதிஞ்சாரு. பன்னிரண்டு மிருக வருஷத்துல நான் பொறந்தது பாம்பு வருஷம்."

யோன்-ஜு கரண்டியைக் கீழே வைத்தாள். யாருக்கும் காட்டாமல் அவள் அத்தனை பாடுபட்டுக் காத்த தேதியே தப்பு.

ஜே-மானின் முகம் போன போக்கு சரியில்லை. மீண்டும் அண்ணன் பதவி கைமாறுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னையும் ஒரு வருஷம் லேட்டாத்தான் பதிஞ்சாங்க," என்றார். "நானும் பாம்புதான்."

அப்படியானால் இருவருக்கும் எழுபத்திரண்டு, ஒரே வயது. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இனி வாடா போடா என்று பேசிக்கொள்ள வேண்டியவர்கள். எந்த மாதம் என்று கேட்டால் இருவருக்கும் தெரியவில்லை. சொல்லக் கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

"சரி, கூப்பிட்டுப் பாரு," என்றார் கில்-சு.

ஜே-மான் மக்கோல்லி என்ற அரிசிக்கள் இருந்த கெண்டியை எடுத்தார். "டேய் கில்-சு," என்று ஆரம்பித்தார். அதற்குள் இடது கையும் தானாக வந்து கெண்டியைப் பிடித்துக்கொண்டது, பெரியவர்களுக்கு ஊற்றும்போது பிடிப்பதுபோல.

"குடிங்க அண்ணே," என்றார்.