சுவருக்குள் அகிலன்

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு பணக்காரர், நூறு வருடங்களுக்கு முன் அதே அச்சில் ஒன்றை நியூ ஜெர்சியில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதைப் பழுதுபார்க்க ஓர் ஆர்க்கிடெக்ட் தேவைப்பட்டது. எழிலரசிக்கு அன்று இன்டர்வியூ. எடிசன் நகரிலிருந்து கார் ஓட்டி வந்தது மட்டுமே அவள் கணவன் அகிலனின் பங்கு. ஆனால் பயம் அவனுக்குத்தான்.

இருக்காதா? கோயம்புத்தூரில் கட்டடங்கள் வரைந்துகொண்டிருந்தவள், அவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் எட்டு வருடம் வீட்டில் இருந்தாள். கிரீன் கார்டு வந்தபின் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: நடுவில் ஏன் இத்தனை இடைவெளி? அந்த இடைவெளியின் பெயர் அகிலன். அதை எந்த ரெஸ்யூமேயில் எழுதுவது?

"இந்த ஹால்லயே உக்காருங்க. எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு இன்டர்வியூ நடக்கும் சாப்பாட்டு அறைக்குள் போனாள்.

அவன் எதையும் தொடவில்லை. பாத்ரூம் தேடி ஒரு கதவைத் திறந்தான், அவ்வளவுதான். அது பின்னால் சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒரு குறுகிய படிக்கட்டு தெரிந்தது. கத்தலாம், கத்தினால் அவள் வேலை போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நூறு வருடத்துத் தூசி விடவில்லை. தும்மினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்லும் ரகத் தும்மல்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"ஏங்க! சுவத்துக்குள்ள என்ன பண்றீங்க?"

"சும்மாதான் நிக்கறேன்."

"படி தெரியுதா?"

"தெரியுது."

"அது வேலைக்காரங்க வழி. கெஸ்ட் கண்ணுல படாம சாப்பாடு கொண்டு வர்றதுக்கு. இந்த ரூமுக்குத்தான் வந்து சேரணும். படில ஏறாம நேரா வாங்க. சுவத்தத் தடவிட்டே வாங்க. கல்லு முடிஞ்சு மரம் வருதா?"

"வந்துருச்சு."

"தள்ளுங்க. இழுக்காதீங்க. ரெண்டு கையிலயும் தட்டோட வர்றவன் எதால இழுப்பான்?"

தோளால் தள்ளினான். சாப்பாட்டு அறையின் மரச்சுவர் கதவாகத் திறந்தது. தலையில் ஒட்டடையோடு, இன்டர்வியூ எடுக்கும் மூன்று பேர் முன்னால் போய் நின்றான்.

"என் கணவர்," என்றாள் எழிலரசி, வேறு வழியில்லாமல்.

அவர்களில், மாளிகையை நிர்வகிக்கும் டைரக்டர் அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. "இந்த வீட்டுக்கு முன்பே வந்திருக்கிறீர்களா?" என்று அவளைக் கேட்டாள்.

"இல்லை. எட்டு வருஷமா இந்த மாதிரி வீடுகளோட பிளான்களை லைப்ரரியில எடுத்துப் படிச்சிட்டிருந்தேன். வேற வேலை இல்ல."

"அப்போ இடைவெளி எங்கே இருக்கு?" என்று சிரித்துவிட்டு, ஒழுகும் கூரையைக் காட்ட அவளை மாடிக்கு அழைத்துப் போனாள்.

திரும்பி வந்த எழிலரசி, கார் அருகில் வந்ததும், "திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க," என்றாள். கண் நிறைந்திருந்தது.

"தேங்க்ஸ் எழில்."

"வேல கெடச்சது எனக்கு. நீங்க எதுக்கு தேங்க்ஸ் சொல்றீங்க?"

அவள் எக்கி அவன் தலை ஒட்டடையை எடுக்கத் தொடங்கினாள். நன்றாகக் குனிந்து கொடுத்தான்.