பாக்கியத்தின் நெஞ்சுக்குக் கொழுந்தெடுத்த மலை

1967ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், கொழும்பில் நெஞ்சுக்குள் இருந்த ஓட்டையை அடைத்துத் தைத்துக்கொண்டு, எட்டு வயதுப் பாக்கியலெட்சுமி தெமோதரை ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, அவளுடைய நெஞ்சு துடிக்கும் சத்தம் மூன்று மைல் தூரத்துக்குக் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சாமான் ரயில் வருகிறதென்று கொடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் காயப்போட்ட மிளகாயை மழைக்குப் பயந்து அள்ளினார்கள். நீங்கள் பதறவேண்டாம், கண்ணுகளா, பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். அப்பன் மாடசாமி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதாசியைத் தோட்டத்துக் கிளாக்கர் வாசித்துச் சொன்னார்: பிள்ளை மேடு ஏறக் கூடாது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மனம் பதறக் கூடாது, வருசத்துக்கு ஒரு தடவை கொழும்புக்கு வந்து காட்ட வேண்டும். முதல் நாலையும், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த ஆட்கள் மனப்பாடம் செய்தார்கள். ஐந்தாவதை விட்டுவிட்டார்கள். தைத்தது தைத்ததுதானே, அதைத் திரும்பப் போய் எதற்குக் காட்டுவது என்பது அவர்களுடைய நினைப்பு.

மாடசாமிதான் தோட்டத்தில் தப்படிக்கிறவன். விடியற்காலையில் அவன் தப்படித்தால்தான் ஆட்கள் எழும்பி, பேர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற பெரட்டுக் களத்துக்கு வருவார்கள். மகள் வந்த மறுநாள் அவன் தப்பை எடுப்பதற்குள் எல்லாரும் களத்தில் நின்றார்கள். பிள்ளை கண் விழித்திருந்தாள், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் தோட்டத்தை நடத்துகிற தொரை தப்பை நிறுத்தினார். மாடசாமியைத் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்ட அனுப்பினார். கொஞ்ச நாளில் இன்னொன்றும் வழக்கமாகிவிட்டது. கொழுந்து எடுக்கிற பெண்களின் கைகள் அந்தச் சத்தத்துக்கே போய்வர ஆரம்பித்தன. ஒரு துடிப்புக்கு வலக்கை, மறு துடிப்புக்கு இடக்கை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டாமென்று நிறுத்திப் பார்த்தவர்களுக்கும் நிற்கவில்லை.

1971இல் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அந்த நாலு நாளில் ஊசிமலையில் என்றைக்கும் இல்லாத கொழுந்து இறங்கியது. பெண்கள் கைவிரல் வீங்கி, இரவில் சோறு பிசைய முடியாமல் பிள்ளைகளை விட்டு ஊட்டச்சொன்னார்கள். மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. அதன்பிறகு கொழுந்து குறைகிற நாளில் அவர் பாக்கியத்தின் தலைக்குமேல் லயத்துத் தகரக் கூரையில் ஒரு கல்லைப் போடுவார். இல்லையென்றால், உன் அப்பன் கவ்வாத்து மலையில் உருண்டுவிட்டான் என்று அவளிடம் ஆள் விட்டுச் சொல்வார். ஒரு மணிநேரம் மலை பறக்கும்.

அவரிடம் சண்டைபோட முடியாத பெண்கள் பாக்கியத்திடம் வந்தார்கள். "மனச அடக்கி வச்சுக்க ஆயி, எங்களால முடியல." அவள் அடக்கிக்கொண்டாள். அவளுக்குப் பதற்றம் வராமல் லயமே காவல் இருந்தது. அவள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவின் பக்கம் யாரும் உரத்துச் சிரிப்பதில்லை, அழுவதில்லை. 1974இல் அவளுடைய அம்மா பெரியாயி பதுளை ஆஸ்பத்திரியில் செத்துப்போனதை ஐந்து நாளாகப் பிரித்துச் சொன்னார்கள். முதல் நாள் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் கூடிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் கண் திறக்கவில்லையாம். நாலாம் நாள் யாரும் எதுவும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே, "பொதைச்சாச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் அவளை மெச்சினார்கள்.

அவளுடைய பத்தொன்பதாவது வயதில் பதுளையிலிருந்து ஷுக்ரி என்கிற இளைஞர் துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் வரத்தொடங்கினார். அவள் துணி தைத்துப் பிழைத்தவள், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கீழே பாலத்தைத் தாண்டும்போதே மேலே மலையில் கைகள் வேகமெடுத்தன.

"பொட்டணிக்காரரு வந்துட்டாருடி. என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்பாள் வேலாயி. ஐம்பது வயதைத் தாண்டியவள், வாய்க்காரி.

"அவரு ஒரு சீத்தைத் துணி விக்கிறதுக்குள்ள நாம ஒரு சாக்கு எடுத்துர்றோம். கமிசன் கேளுக்கா!" என்பாள் பக்கத்துத் தேயிலை நிரைக்காரி.

சிரிப்பு ஆறு சனிக்கிழமை நீடித்தது. ஏழாவது சனிக்கிழமை ஷுக்ரி ஏதோ சொல்லி, பாக்கியம் தலை குனிந்தாள். மேலே செங்குத்து மலையில் வேலாயியின் கால்கள் கைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, கணுக்கால் முறிந்தது. அடுத்த வாரம் பாக்கியம் வாசலிலேயே நின்றாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன் புள்ள, சீத்தை புடிக்கல்லயா?"

"புடிச்சிருக்கு. அதான் வராதீங்க."

அவர் பொட்டணியைக் கட்டிக்கொண்டு போனார். பிறகு பண்டாரவளையில் கடை போட்டதாகவும், கலியாணம் முடித்ததாகவும் கேள்வி. சத்தம் ஒரே சீராக இருந்தது.

1980இல் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. தண்ணீர்க் குழாய்க்கும் வாசலுக்கும் நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தாள். படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே தூங்கினாள். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, "கொழும்புல ஒன்னய வரச்சொல்லி எத்தன கடுதாசி! ஒருக்காவும் போகலியா?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. லயத்துக்கு வருகிற கடிதாசியெல்லாம் ஆபீஸ் வழியாகத்தான் வர வேண்டும். பதின்மூன்று வருசத்துக் கடிதாசியும் அங்கே ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்தது. மாடசாமி தொரையிடம் போய், மகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போக அனுமதித் துண்டு கேட்டான். துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் திரும்பி வரும்போது காம்பரா இருக்காது. அவள் போனால் மலையில் வேலை படுத்துவிடும், துண்டு இல்லை என்று தொரை சொல்லிவிட்டார்.

மறுநாள் பெரட்டில் மாடசாமி மகளைத் தூக்கிக்கொண்டுவந்து களத்தின் நடுவில் இறக்கிவிட்டான். தொரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கொழுந்துப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இவ சத்தம் இல்லாட்டி ஒங்க யாருக்கும் கை ஓடாதுன்னு தொரைக்குத் தெரியும். அதனால துண்டு கெடையாது."

வேலாயி கோணிப்போன காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்தச் சத்தம்ங்க?"

"என்ன வேலாயி, வெளையாடுறியா? இந்தா, கேக்குதுல்ல!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே. ஏன்டி, ஒங்களுக்குக் கேக்குதா?"

பாக்கியத்தின் நெஞ்சு அந்த நேரத்தில் எப்படி அடித்ததென்றால், பெரட்டுக் கொட்டகையின் தகரம் தடதடவென்று ஆடியது, தேயிலைச் செடிகளிலிருந்து பனி உதிர்ந்தது, தொரையின் நாய் மேசைக்கடியில் ஒளிந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே தங்கள் குரல் எடுபடவேண்டுமென்று அறுபத்திரண்டு பெண்களும் கத்தினார்கள்: "இல்லீங்க! ஒண்ணுமே கேக்கலீங்க!" கத்தும்போது அவர்களுடைய கைகள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. அதை மறைக்க முந்தானைக்குள் சொருகிக்கொண்டார்கள். தொரை பேனாவைத் திறந்தார். அறுபத்திரண்டு பேருக்குக் கேட்காத ஒரு சத்தத்துக்காகத் துண்டு மறுத்தேன் என்று புத்தகத்தில் எப்படி எழுதுவது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரயில் மூன்று மைல் தாண்டிப்போன பிறகு ஊசிமலையில் சத்தம் நின்றது. பெண்கள் நிரையில் கைகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக, அவரவர் கைக்கு வந்தபடி எடுக்கத் தொடங்கினார்கள். வேலாயி மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மெதுவாக மடித்தாள்.

கொழும்பில் டாக்டர் குழாயைக் காதில் மாட்டி, உடனே கழற்றினார். பழைய தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு வால்வு கசிகிறது, மாத்திரை தருகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும் என்றார்.

"எது வரைக்கும்ங்க?"

"நீ இருக்கிற வரைக்கும்."

வெளியே பஸ்களும் காகங்களும் போட்ட இரைச்சலில் அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணிநேரம் பெஞ்சியில் உட்கார்ந்து அதை ருசித்தாள். ஆனால் கொழும்பில் அவளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடமும் கிடையாது, கண்ணுகளா. போய்வரத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். திரும்பினாள்.

வருகிற வழியில், பட்டிப்பொலை தாண்டி, ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டியதும், பாக்கியம் அம்மாவுக்காக அழத்தொடங்கினாள். ஆறு வருசத்து அழுகை. பெட்டியின் ஜன்னல்கள் தாமாக விழுந்து மூடின, வடைக்காரனின் தட்டு இரண்டு பெட்டி தூரம் தனியே நகர்ந்துபோனது. முதல் பயணத்தில் அம்மாவுக்கே நேரம் போதவில்லை. அடுத்த தடவை பாதி அம்மாவுக்கு, பாதி ஷுக்ரிக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அந்தச் சுரங்கங்களுக்குள் மட்டும். தெமோதரையில் இறங்கும்போது நெஞ்சு சீராகியிருக்கும். மலையில் கைகள் ஒன்றாக எழும்பும்.

டிக்கெட் பார்க்கிற புஹாரி நானா பதுளைக்காரர். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், புதிதாக ஏறிய ஒரு பயணி இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பாலம் கீலம் இடிகிறதா என்று பயந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல தொரை, தோட்டத்துப் புள்ளயொண்டு அழுறா. அப்புத்தளை வந்தா நிப்பாட்டிருவா. எங்க, டிக்கெட்டக் காட்டுங்க" என்றார் புஹாரி நானா.