ஈசானிய மூலையில் ஒரு ஊசி

அழகுராஜாவின் வீட்டில் எது தொலைந்தாலும் ஈசானிய மூலையில் கிடைக்கும். பேனா மூடி, எலுமிச்சம்பழம், மணிமேகலையின் கம்மல் திருகு, போன தீபாவளிக்குக் கைதவறிய லட்டு, எல்லாம் கடைசியில் ஹாலின் வடகிழக்கு மூலையில்தான் போய்ச் சேரும். "ஈசானியம் எதையும் கைவிடாதுங்" என்பார் மாமனார் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருப்பவர். திண்டுக்கல் பழனி ரோட்டில் மகளுக்கும் மருமகனுக்கும் இந்த வீட்டைப் பக்கத்தில் நின்று கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். கொத்தனாரோடு வாஸ்து பேசி, கொத்தனார் தோற்றுப்போன வீடு அது.

அழகுராஜா மெக்கானிகல் இன்ஜினியரிங் படித்தவன். கவிழ்ந்த லாரியை நேரில் போய்ப் பார்த்து, அது எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்ததால் கவிழ்ந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது அவன் தொழில். நாலு வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறான். தொலைந்த சாமானெல்லாம் ஏன் ஒரே மூலைக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தெய்வ காரியம் என்று விட்டுவிட்டான்.

அந்த மூலைக்குத்தான் இப்போது போட்டி வந்துவிட்டது. ஈசானியத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று மாமனார் மூன்றடி மீன் தொட்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். அதே வாரம் அழகுராஜா அங்கே ஒரு மேஜையைப் போட்டு, விரிப்பு விரித்து, ரெக்கார்டு பிளேயரை வைத்துவிட்டான். வீட்டில் வேறு இடமும் இல்லை. கன்னி மூலையில் பீரோ, அக்கினி மூலையில் கிரைண்டர், வாயு மூலையில் வாஷிங் மெஷின்.

"கரண்ட்டுல ஓடற சாமான ஈசானியத்துல வெக்கலாமுங்களா மாப்ள?" என்று போனில் கேட்டார் மாமனார். மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் மணிமேகலை போனை வாங்கித் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வாங்கப்பா. உங்க முன்னால ஒரே ஒரு பாட்டு. நிக்காம முழுசாப் பாடுச்சுன்னா அது இருக்கட்டும். இல்லீன்னா மீன் தொட்டி."

போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "பாடுமுங்களா?"

"பாடும்."

"எப்ப?"

நியாயமான கேள்வி. வாங்கி மூன்று வாரமாகியும் அதில் ஒரு பாட்டும் முடிந்தபாடில்லை. முதலில் உறுமல். பிளேயரின் உலோகத்தை விரலால் தொட்டால் உறுமல் நின்றது, எடுத்தால் மறுபடி உறுமியது. ஆகவே ஒரு வாரம் முழுக்க அழகுராஜா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நாடி பார்ப்பவனைப் போல ஒரு விரலை வைத்தபடியே இசை கேட்டான். எர்த் ஒயர் என்று ஒன்று பெட்டிக்குள்ளேயே கிடந்தது ஏழாம் நாள் தெரிந்தது. அதை மாட்டி உறுமலை ஒழித்த பிறகுதான் அசல் வியாதி வெளியே வந்தது. ஊசி ஒரே இடத்தில் நின்றுகொண்டது.

அவனிடம் இருந்தவை மூன்று ரெக்கார்டுகள். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் பியானோ வாசித்துக்கொண்டே இருமுவார். இன்னொன்றில் உறை மட்டும் இருந்தது, உள்ளே தட்டு இல்லை. மூன்றாவது, மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த முருகன் பக்திப் பாடல்கள். மாமனார் காதில் விழத் தகுந்தது அது ஒன்றே. அதன் முதல் பாட்டில் பாடகி அடிவாரத்தில் ஆரம்பித்து, படி படியாக ஏறி, 'வேலவா' என்று கூப்பிடும் இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று குறுக்கே கிடந்தது. அங்கே வந்ததும் ஊசி ஒரு சுற்று பின்வாங்கும். வேலவா. வேலவா. வேலவா. கரண்ட் போகும் வரைக்கும் கூப்பிடுவாள். அவரும் வரமாட்டார், அவளும் விடமாட்டாள்.

'திண்டுக்கல் அனலாக் அன்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அழகுராஜா இதை முறையிட்டான். குழுவில் பதினோரு பேர். ஏழு பேரிடம் ரெக்கார்டு பிளேயர் இருந்தது, நாலு பேரிடம் கருத்து மட்டும் இருந்தது. ரெக்கார்டைக் குளிப்பாட்டச் சொன்னார் ஒருவர். கரண்ட் ஒயரை ஜப்பானிலிருந்து வரவழைக்கச் சொன்னார் இன்னொருவர். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளில் பாட்டு சற்று வெளிறித்தான் கேட்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் மல்லிகைப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். குழுவின் அட்மின், ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கும் ரொனால்டு சார், சனிக்கிழமை காலை நேரிலேயே வந்துவிட்டார்.

கையில் சிறிய தோல் பை. அதிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு தராசை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார்.

"ஊசிக்கு எம்புட்டு எடை வச்சிருக்க அப்பு?"

"ஒண்ணு புள்ளி எட்டு கிராம் சார். டயல்ல பாத்துத்தான் வச்சேன்."

"டயல நம்புறவன் இந்தப் பக்கமே வரப்படாது."

ஊசி மாட்டியிருந்த நீளக் கையின் பின்னால் இருந்த எடையைத் திருகித் திருகி, கை மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். டீ கொண்டுவந்த மணிமேகலை அதைப் பார்த்தாள். "எதையும் தொடாம இருக்கறப்ப நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கிருந்து எண்ணிக் கொஞ்சம் திருகி, ஊசியைத் தராசின் மேல் இறக்கினார் ரொனால்டு சார். ஒன்று புள்ளி எட்டு. டயல் சொன்னதேதான். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"சரி, ஆன்டி ஸ்கேட்டிங் பாப்போம்" என்று பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகைக் காட்டினார். "தட்டு சுத்தும்போது ஊசிக்கு உள்பக்கம் ஓடத்தான் ஆசை. கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்திக்கு ஓடுறான்ல, அந்த மாதிரி. அவன் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்து வைக்கிறது இந்தத் திருகு."

"இவன் பந்திக்கே போக மாட்டேங்கிறானே சார்."

"அப்ப இழுப்பு ஓவரா இருக்கு." திருகை இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாற்றினார். வேலவா, வேலவா. பூஜ்யத்துக்கு மாற்றினார். வேலவா, வேலவா. பூஜ்யத்துக்குக் கீழே திருகு நகரவில்லை. ரொனால்டு சார் கையைக் கட்டிக்கொண்டு, கூரையையும் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாம இழுக்கல. ஆனாலும் யாரோ வெளிய இழுக்கிறாக. வீட்டுல எதும் குத்தங்கொற இருக்கா?"

"சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்."

"பிசிக்ஸத்தான் முடிச்சிட்டேனே அப்பு." தராசைப் பைக்குள் வைத்தார். "சாயங்காலம் மாதா கோயில்ல பூசை இருக்கு. ஒனக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

மதியம் மணிமேகலை ஹாலில் உட்கார்ந்து, நாளைக்கு அப்பா வருகிறாரே என்று சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தாள். அழகுராஜா பக்கத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். ஒரு வெங்காயம் அவள் கையிலிருந்து நழுவியது. அவசரமே இல்லாமல் உருண்டது. நாற்காலிக் காலைத் தாண்டியது, மிதியடியைச் சுற்றிக்கொண்டது, நேரே போய் ரெக்கார்டு பிளேயர் மேஜைக்கு அடியில் நின்றது.

"ஈசானியத்துல கெடக்கும், எடுத்துக் குடுங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு திரும்பி வந்து முறத்திலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தான். அதுவும் போனது. மூன்றாவது போனது. ஏழாவது போகும்போது மணிமேகலை முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெளையாடறதுக்கா உரிச்சு வெக்கறேன்?"

"மணி, வீடு சாஞ்சிருக்கு."

"ஆமா. ஈசானியம் மூணு அங்குலம் எறக்கம். அப்பாதான் கூட நின்னு எறக்குனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

"தரை தொடைக்கறவளுக்கு மொத நாளே தெரியுமுங்க."

லாரி சாய்ந்ததையெல்லாம் எழுதிக்கொடுத்த கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டான் அழகுராஜா. வடக்குச் சுவரோரம் பிளேயர். அதன் வலப்பக்கம் கிழக்கு, அதாவது பள்ளம். ஊசியின் கை வலப்பக்கமாக, வெளியே சரிகிறது. ரொனால்டு சார் தேடிய, வெளியே இழுக்கும் அந்த ஆள் மாமனார்தான்.

வலப்பக்கத்தைக் கால் அங்குலம் உயர்த்தினால் போதும். சரியாக அந்தக் கனத்தில் ஒரே ஒரு பொருள் வீட்டில் இருந்தது. கிருகப்பிரவேசத்துக்கு மாமனார் கொடுத்த வாஸ்து புத்தகம். அதை மேஜை விரிப்புக்கு அடியில், பிளேயரின் வலப்பக்கக் கால்களுக்குக் கீழே செருகினான். வீட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் அந்தப் புத்தகம் செய்த முதல் வேலை அது. பாட்டைப் போட்டான். பாடகி ஏறினாள், கூப்பிட்டாள், கீறலில் 'டிக்' என்று ஒரு சத்தம், அடுத்த வரிக்குப் போய்விட்டாள். இரண்டாவது சரணத்தில் முருகன் வந்தேவிட்டார். அவர் வருகிறார் என்பதே அழகுராஜாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிறு காலை பத்தரைக்கு நாச்சிமுத்து வந்து இறங்கினார். மற்றவர்கள் கண்ணாடி கொண்டுவருவதைப் போல அவர் மஞ்சள் பையில் ரசமட்டம் கொண்டுவருவார். செருப்பைக் கழற்றியதும் அதைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி மேட்டுப் பக்கம் ஓடி ஒதுங்கியது. திருப்தி. போகிற போக்கில் பிளேயரின் மூடிமேலும் வைத்தார். முகம் மாறியது.

"ஏனுங் மாப்ள, குமிழி நடுவுல நிக்குது?"

"நடுவுல நின்னா நல்லதுதானே மாமா."

"ஊருல எல்லா வூட்லயும் நல்லதுங். இந்த வூட்ல அது எப்புடி நடுவுல நிக்கும்?"

விரிப்பைத் தூக்கினார். புத்தகத்தை உருவினார். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார்.

"இது நாங் குடுத்ததுங்களே."

"அப்பப்ப எடுத்துப் பாக்க வசதியா இருக்கட்டும்னு..."

"பாத்திருந்தா பதினாலாம் பக்கத்துலயே தெரிஞ்சிருக்குமுங். ஈசானியத்த ஒசத்துனா குடும்பம் வெளங்குமுங்களா?" புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்பப் போடுங் பாட்ட."

அழகுராஜா மணிமேகலையைப் பார்த்தான். அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, தீர்ப்பு தீர்ப்புதான் என்பது போலப் பார்த்தாள். ஊசியை இறக்கினான். மீன் தொட்டிக்கு எந்த நிற மீன் வாங்குவார்கள் என்று மனம் போனது. பாடகி அடிவாரத்தைத் தாண்டி, படி ஏறி, கூப்பிட்டாள்.

வேலவா. வேலவா. வேலவா.

ஊசியைத் தூக்கக் கை நீட்டினான். மாமனார் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்."

எழுந்து நின்றிருந்தார். ஒரு கை அவனைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரல் கணுக் கணுவாக நகர்ந்துகொண்டிருந்தது. தக்காளிக் கூடை எண்ணும் அதே வேகம். இருபத்தேழு. ஐம்பத்தி நாலு. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, யாரும் அசையவில்லை. எண்பத்தொன்று. நூற்றெட்டு வந்ததும் கையை விட்டார்.

"இப்ப எடுங்."

எடுத்தான். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மூணு நிமிசம், பதினாலு நொடிங். நூத்தியெட்டு. ஒரு தடவ கூட தொண்ட கம்முலீங்."

"பாட்டு முழுசாப் பாடலீங்களேப்பா" என்றாள் மணிமேகலை.

"பாட்டு யாருக்கு வேணும் சாமி? ஒசத்தி வெச்சிருந்தா அந்தம்மா பாட்டுக்குப் பாடிட்டுப் போயிருப்பாங்க. ஈசானியம் எறங்குச்சு, நின்னு கூப்படறாங்க பாரு. இதத்தான் நாங் அன்னைக்கிருந்து சொல்றது." போனை எடுத்து மீன் தொட்டி வேண்டாம் என்று சொன்னார். வைத்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். "அடியில ஒரு காயிதங்கூட வெக்கப்படாதுங் மாப்ள."

ரெக்கார்டு பிளேயர் நிலைத்துவிட்டது. குழுவில் ரொனால்டு சார், "சவுண்டு எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். "நிக்குது" என்று அழகுராஜா பதில் போட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கீரனூரிலிருந்தும் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்தார்கள். கீரனூர் அத்தை ஒருத்தி, தன் கணக்குக்கு நூற்றேழுதான் வந்தது என்று சண்டை பிடித்து மறுபடி போடச் சொன்னாள். பியானோக்காரர் இருமி மாதக்கணக்காயிற்று.

நாலாவது கிருத்திகையன்று ஹாலில் பதினேழு பேர் கைகூப்பி நின்றார்கள். பாடகி படியேறி வந்து கூப்பிட்டாள். ஒரே இடத்தில் எத்தனை முறைதான் மோதுவது, கீறல் தேய்ந்திருக்க வேண்டும். 'டிக்' என்றது. பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

பதினேழு பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

"ஏனுங் மாப்ள," என்றார் மாமனார், "ரிப்பேர் ஆயிப்போச்சுங்களா?" கண் தானாக வாசல் பக்கம், மீன் தொட்டிக் கடை இருக்கும் திசைக்குப் போனது.

அழகுராஜா பால்கனிக்கு ஓடிப் போன் போட்டான்.

"சார், ஒரு பிரச்சினை. பாட்டு நிக்காமப் பாடுது."

ரொனால்டு சார், பெரிய டாக்டரைப் போல நிதானமாகக் கேட்டார். "ஆன்டி ஸ்கேட்டிங் எதுல இருக்கு?"

"நீங்க வச்ச பூஜ்யத்துலதான் சார்."

"முழுசாத் திருகு."

உள்ளே வந்து திருகைக் கடைசி வரைக்கும் திருகினான். ஊசியை மறுபடி முதலில் இறக்கினான். பாடகி அடிவாரத்திலிருந்து ஏறினாள். பதினேழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைவிட இறுக்கமாக அழகுராஜா பிடித்துக்கொண்டான்.

வேலவா. வேலவா. வேலவா.

"செரியாயிருச்சுங்" என்று சொல்லிவிட்டு மாமனார் எண்ண ஆரம்பித்தார்.