சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்

அனுமதி கேட்டு மனுப் போட்டால் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், அதற்குள் வேறொருவன் முந்திவிடுவான் என்று அந்தக் கார் சவாரிக் கம்பெனி அனுமதி இல்லாமலேயே ஓட்ட ஆரம்பித்திருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் டிரைவரிடம் சொல்லிவிட்டார்: "ஆபீசர் யாராவது நிறுத்தினா, பின்னாடி இருக்கறவங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. ஊருக்கே பழகிட்டா சட்டம் தானா மாறும்."

தினமும் காலையில் அவன் காரில் கடைக்குப் போகும் தையல்காரம்மாவிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்கான்னு சொல்லிக்கோங்க. எனக்கும் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல."

ஒருநாள் பாலத்தடியில் வாகன ஆய்வாளர் கை காட்டினார்.

"யார் இவங்க?"

"அக்கா சார்."

"அக்கா பேரு?"

டிரைவர் அவள் பேரைக் கேட்டு வைத்ததே இல்லை. தையல்காரம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "என் பேரைச் சொன்னா அடி விழும்னு பயம் சார் அவனுக்கு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

ஆய்வாளர் 'டிரைவரின் அக்கா' என்று எழுதிக்கொண்டு வழிவிட்டார்; அன்று மாலையே டிரைவர் அதை மேனேஜரிடம் சொன்னான். அன்றிலிருந்து அவள் 'நீங்க, வாங்க' எல்லாம் விட்டுவிட்டு 'டா' போட்டுப் பேச ஆரம்பித்தாள். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை கார் வழுக்கி, சாலை நடுவிலிருந்த சுவரில் மோதியது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டான்.

"அவங்க உங்க அக்கான்னு நீங்களே ஆய்வாளர்கிட்ட சொல்லியிருக்கீங்களே," என்றார் மேனேஜர், தேன் ஒழுகும் குரலில். "அக்காவைக் கூட்டிட்டுப் போறது உங்க குடும்ப விஷயம். நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

மறுநாள், ஆய்வாளரிடம் உண்மையை எழுதிக் கொடுக்கப் போவதாக அவளிடம் சொன்னான்.

"லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கடா. பேசாம இரு. எலும்பு தானா கூடிடும்."

"நீங்க தைக்கிற கை அக்கா அது."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் எழுதிக் கொடுத்ததை ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "பொய்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு விட்டேன். பாவம் பாத்தேன். அது என் தப்பு," என்றவர், கையெழுத்துப் போட இடம் காட்டினார்.

டிரைவரின் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டியதாயிற்று. அபராதத்தைத் தூசு தட்டுவதுபோல் கட்டிவிட்டு, அவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். சில மாதங்களில் அனுமதியும் வந்துவிட்டது.

அந்த ஆறு மாதமும் அவன் அவளுடைய தையல் கடையில்தான் இருந்தான். அவள் வாயால் சொல்லச் சொல்ல, துணியை வெட்டினான், பொத்தான் தைத்தான். முதல் வாரம் தைத்த காலர் ஒன்று கழுத்தைச் சுற்றி எங்கேயோ போயிற்று. அவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, இடது கையால் பிரித்துக் கொடுத்தாள்.

லைசென்ஸ் திரும்பி வந்த அன்று அவளே கேட்டாள்: "கிளம்பறியாடா?"

"இன்னும் பதினோரு சட்டை கிடக்கு," என்றான், ஊசியில் நூலைக் கோத்தபடி.