இடது பக்கம் சாயும் தையல்

...இல்லை, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், எல்லோரும் எழுந்து தேநீர் வைத்ததும் தெரேயாபி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, மோயெரோவா அக்கா கையில் இனி ஊசி கொடுக்காதீர்கள் என்று, அவ்வளவுதான், இதைச் சொல்ல எதற்கு இத்தனை நாள் இழுத்தேன்... மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை, சன்னலில் கடல் வெளிச்சம் பால் போல நிற்கிறது, தேவாலயத்துக் கூடத்தின் சுண்ணாம்புச் சுவரில் அது அசைகிறதா என் கண் அசைகிறதா தெரியவில்லை. சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் மீனும் வயிற்றில் கனக்கப் பாயில் மூன்று பேரும் மல்லாந்துவிட்டார்கள். மூன்று குறட்டை. தெரேயாபி அக்காவுடையது பழைய படகு மோட்டார், இரண்டு தடவை முக்கி மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். போகோவுடையது மெல்லிய விசில். மோயெரோவா அக்காவுடையது கஞ்சி கொதிக்கிற புப், புப். நடுவில் என் மகள் வையோராவின் திவைவை கிடக்கிறது, கட்டிலை மூடித் தரையையும் தொடுகிற விரிப்பு, வெள்ளைத் துணி மேல் பச்சை அல்லிகள், பச்சைத் துணியை எட்டாக மடித்துத் தெரேயாபி அக்கா வரைந்து பார்க்காமலே வெட்டியது, வெட்டிப் பிரித்தபோது குளம் விரிகிற மாதிரி விரிந்தது, நான்கு பேருக்கு நான்கு மூலை என்று பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மோயெரோவா அக்காவின் மூலையை மடியில் இழுத்துக்கொள்கிறேன். இதழின் ஓரம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு தையலும் அரிசி நீளம், விரலை விட்டால் உள்ளே போகிறது. எழுபது வயதுக் கை, நடுங்கும், தெரியும், அதற்கு நான் என்ன செய்ய? சம்பந்தியம்மாள் பெரிய தீவான ரரோடோங்காவிலிருந்து விமானத்தில் வருகிறாள், கல்யாணத்தன்று விரிப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள், எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்ப்பேன். என் பிள்ளை எவ்வளவு பெறுவாள் என்பது அங்கேதான் தெரியும். பிரிக்கிறேன், நூல் எதிர்ப்பே இல்லாமல் வருகிறது, பிரித்த இடத்தில் என் தையலைப் போடுகிறேன், சின்னது, நெருக்கமானது, இறுகியது. போன வருடத்துத் திவைவையிலும் இப்படித்தான், மதியம் மதியமாகத் திருடியைப் போல. இறுக்கம் ஆக்லாந்தில் வந்தது, பிஸ்கட் தொழிற்சாலையில் ராத்திரி வேலை, பெட்டியின் நாடாவை இழுத்து முடி, இழுத்து முடி, ஒரு ராத்திரி பாதியில் கையுறையைக் கழற்றிப் பெட்டிகள் மேலே வைத்துவிட்டு வெளியே நடந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஊருக்கு வந்தபிறகும் உடம்பு இன்னும் அந்த ஷிப்ட்டில்தான் இருக்கிறது, ராத்திரியெல்லாம் விழித்திருந்து மதியத்தில் சில நாள் பிணம் மாதிரித் தூங்கிவிடுவேன், எழுப்பினால் எந்தத் தீவில் இருக்கிறேன் என்று கேட்பேன், அதை வைத்துப் போகோ ஒரு மாதம் சிரித்தாள்.

போகோ எதற்குத்தான் சிரிக்க மாட்டாள். காலையில்கூட மோயெரோவா அக்கா ஊசியில் நூல் கோக்கக் கையைச் சன்னல் பக்கம் நீட்டிக்கொண்டே இருக்க, "அக்கா, ஊசிக்குக் காது இந்தப் பக்கம், அது கொசு," என்றாள். "கொசுவுக்கும் கோத்துவிடுவேன்டி, உன் வாய்க்குத்தான் தைக்க நூல் பத்தாது," என்றாள் அக்கா. தெரேயாபி அக்கா தொடையில் அடித்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன அகாயிதி, நீ சிரிக்க மாட்டியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா எண்ணிக் குடுக்கலாம்னு பல்லைச் சேத்து வச்சிருக்கியா?" பிறகு பாட்டு, பிறகு யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் என்ற பேச்சு, அந்தப் பேச்சுக்கு நடுவில் நான்கு ஊசிகளும் ஒரே நேரத்தில் துணியை விட்டு மேலே வருகிற ஒரு கணம் உண்டு, தானாக அமையும், அப்போது ஒன்றுமே வேண்டாம் போல இருக்கும்... இதற்காகத்தான் வருகிறேனோ, திவைவைக்காக இல்லையோ. மோயெரோவா அக்காவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டால் மூன்று ஊசிதான். சரி, மூன்றுக்கும் அமையும்.

நூல் தீர்ந்தது. நூற்கண்டு என் மூலையில். நகர்ந்துபோய் எடுக்கும்போது என் இதழ் ஒன்று கண்ணில் படுகிறது, போன வாரம் தைத்தது, ஓரமெல்லாம் சுருங்கிக்கொண்டிருந்ததே, இப்போது தட்டையாகக் கிடக்கிறது, தண்ணீரில் விட்ட மாதிரி. ஈரக்காற்றில் துணி தளர்ந்திருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்புகிறேன், எதற்குத் திருப்பினேன், சும்மாதான்... தையல் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் இடதுகைக்காரி. என் தையல் இடது பக்கம்தான் சாயும், பிறந்ததிலிருந்து, இந்தக் கூடத்தில் அப்படிச் சாய்வது என்னுடையது மட்டும்தான். அடுத்த இதழ். வலது. அதற்கடுத்ததும். சின்னத் தையல், ஆனால் இறுக்கவில்லை, துணி மூச்சு விடுகிற அளவுக்கு விட்டுத் தைத்திருக்கிறது ஒரு கை. நேற்று தைத்தவை மட்டும் என்னுடையவை, இடது பக்கம் சாய்ந்து, சுருங்கி, கோபித்துக்கொண்டவளின் உதடு மாதிரி. இப்படித்தான் இருக்கிறதா என் தையல்?

யார்? எப்போது? நான் பிணம் மாதிரித் தூங்கிய மதியங்களில், வேறு எப்போது. அப்படியென்றால்... போன வருடம் தெரேயாபி அக்கா மோயெரோவா அக்காவின் மூலையை அடியில் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கே, மோயெரோவா," என்றாள், "பின்ன? கை இன்னும் செத்துப்போகல," என்றாள் அக்கா, போகோ தேவைக்கு மேல் சிரித்தாள், நான் குனிந்து நூலைக் கடித்தேன், ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இடது பக்கம் சாய்ந்த தையல்! அந்த மூலையின் அடிப்பக்கம் முழுக்க என் கை சாய்ந்து கிடந்திருக்கிறது, குருடிகூட விரலால் தடவினால் சொல்லிவிடுவாள், தெரேயாபி அக்கா தடவினாளே. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மோயெரோவா அக்காவுக்கும். தெரிந்துதான் ஒவ்வொரு மதியமும் சாப்பிட்ட கையோடு பாயை விரித்து, "போதும்டி, கண்ணு சொருகுது," என்று முதலில் படுக்கிறாளா? தொழிற்சாலையில் என் பெட்டி பிரிந்துபோனால் மணி அடிக்கும், விளக்கு எரியும், பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிடுவார்கள். இங்கே தூங்கிவிடுகிறார்கள்.

எனக்குக் கோபம்தான் வருகிறது முதலில். என் பிள்ளையின் திவைவை, என் இதழ், கேட்காமல் கை வைக்க யாருக்கு... பிரித்த நூல்கள் இன்னும் என் மடியில் கிடக்கின்றன, மோயெரோவா அக்காவுடையவை, அரிசி நீள வளைவுகளோடு.

மிச்சமிருந்த இதழைத் தைக்கிறேன், இறுக்காமல். வரவில்லை, கை தானாக இழுத்துவிடுகிறது. பாதியில் ஊசியை அதிலேயே குத்தி வைக்கிறேன், மறைக்கவில்லை, பார்த்தால் பார்க்கட்டும். என் பாயில் படுக்கிறேன். எழுந்ததும் தெரேயாபி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு... என்ன சொல்வது? யாரைப் பற்றி? சுவரில் வெளிச்சம் அசைகிறது, என் கண் இல்லை, கடல்தான். படகு மோட்டார், விசில், கஞ்சி. கண்ணை மூடி மூச்சை நீட்டி விடுகிறேன், தூங்குகிறவள் விடுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் நீளமாக... குறட்டைகளில் ஒன்று நிற்கிறது. பாய் சரசரக்கிறது. என் மூலைப் பக்கம் துணி மெல்ல இழுபடுகிறது. எது நின்றது என்று காது கொடுத்தால் தெரிந்துவிடும். நான் மூச்சை எண்ணாமல், கடலைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.