வெள்ளை ஓரம்

மாதனூருக்கு அப்பால், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு தேங்கிய குட்டையின் மேல், படம் எடுக்க வந்த நவநீதனுக்கு அப்படியொரு மயக்கம். நடுவே மயில்நீலம். சுற்றிலும் பால் ஏடு மாதிரி படிந்த உப்பு. இரண்டும் சேரும் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு வளைவு. நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டான். படத்தில் நாற்றமா தெரியப்போகிறது?

அன்று வெளிச்சம் வாகாக விழுந்த நேரத்தில், உப்பை நக்கிக்கொண்டே ஒரு கன்றுக்குட்டி ஏட்டின் மேல் நடந்து வந்தது. ஏடு உடைந்தது. கன்று வயிறு வரை சேற்றில் இறங்கிக் கத்தியது.

"தம்பி, நீ கிட்டதான கீற. கயித்தப் புடிச்சி இழுப்பா." கன்றை வளர்க்கும் கமலவேணி எதிர்க்கரையிலிருந்து கூவிக்கொண்டே ஓடி வந்தாள்.

இரண்டு எட்டு வைத்தால் கழுத்துக்கயிறு கைக்கு வந்துவிடும். அந்த இரண்டு எட்டும் வளைவின் மேல்தான் விழும். நவநீதன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குட்டையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது கன்றின் காது நுனிகூட வெளியே இல்லை. அது மூழ்கிய இடத்தில், வெள்ளையில் வட்டமாக ஒரு நீலக் கண் திறந்திருந்தது. அப்போதுதான் அவன் பட்டனை அழுத்தினான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "போட்டோ புடிச்சியே, அதக் குடுப்பா. கலெக்டர் ஆபீஸ்ல காட்டணும்."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் உற்றுப் பார்த்தாள்.

"இதுல என் கன்னு எங்க?"

"அது இருந்தா படம் கெட்டுடும்க்கா," என்றான். "முழுகட்டும்னுதான் காத்துட்டிருந்தேன்."